மூன்று தடவை அமுக்கிய போர்டும் நான் அழித்த ஒரு வரியும்

1. பத்து மணி பிரேக்

மாரியப்பன் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்தார். காலை பத்து மணி பிரேக். என் தட்டில் பாதி ரொட்டி சானாய் மிச்சம் இருந்தது.

"க்கா, இதுக்கு இங்கிலீஷ்ல பதில் எழுதணுமாம். மூணு நாள் டைம் குடுத்திருக்காங்க. நான் எழுதிட்டேன். கிராமர் மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அது எச்.ஆர். அனுப்பிய ஷோ காஸ் கடிதம். தகுதி இல்லாமல் நீங்கள் எழுதிய புரோகிராமின் பிழையால் பழுதான சரக்கு கஸ்டமரிடம் போயிருக்கிறது, உங்களை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். யாரிடம் கேட்டார்கள்? அதே லைனில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனிதரிடம். தினமும் மாசாயில் இருக்கும் வீட்டிலிருந்து, தொழிற்சாலை இருக்கும் செனாய்க்கு மோட்டார் சைக்கிளில் வந்து, மழை நாளில்கூட நேரத்துக்குக் கார்டு தட்டிய மனிதரிடம்.

அவர் எழுதியிருந்த பதில் ஆறே வரி. மன்னிக்க வேண்டும், நான் பைத்தானுக்குப் புதியவன், இந்திராணி மேடம் திருத்திக் கொடுத்த பிறகும் என் தவறு உள்ளே தங்கிவிட்டது, இனி இப்படி நடக்காது.

அந்த இந்திராணி நான்தான். அந்தத் தொழிற்சாலையில் டெஸ்ட் எஞ்சினியரிங் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. அந்த ஆறு வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மாரி, இத யாருக்கும் குடுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

"கிராமர் அவ்ளோ மோசமா க்கா?" என்று கேட்டார்.

2. லைன் லீடர் எழுதிய நூற்று நாற்பது வரி

எங்கள் தொழிற்சாலை செய்தது வீட்டுச் சமையலறையில் மாட்டும் கேஸ் கசிவு அலாரத்துக்கான போர்டு. கேஸ் கசிந்தால் அதிலிருக்கும் பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு போர்டையும் கடைசியில் ஒரு டெஸ்டர் மெஷினில் வைத்துப் பார்ப்போம். போர்டின் சீரியல் நம்பர், நேரம், பாஸ் அல்லது ஃபெயில் என்று மெஷின் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வரி. மூன்று மெஷின், மூன்று ஃபைல்.

அந்த ஃபைல்களை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. எஞ்சினியர்களாகிய நாங்கள் மேல் மாடியில் இருந்தோம். எங்களுக்கு மொத்த எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

திறந்து பார்த்தவர் மாரி. மகளின் பழைய லேப்டாப்பில் இலவச வீடியோக்களைப் பார்த்து, நாற்பத்தொன்பது வயதில் பைத்தான் கற்றுக்கொண்டார். அப்போது டெஸ்ட் டெக்னீஷியன் பதவி ஒன்று காலியாக இருந்தது. லைன் லீடராக இருந்த மாரி அதற்கு மனுப் போட்டிருந்தார். "ஒழுங்கா ஒரு புராஜெக்ட் செஞ்சு காட்டுங்க, ரெக்கமெண்ட் பண்றேன்" என்று சொல்லியிருந்தார் எங்கள் மேனேஜர் ஜெகன். சிங்கப்பூரில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வாய் திறந்தால் பாதி அந்த ஊர்ப் பெருமைதான்.

மாரி எழுதிய கோட் நூற்று நாற்பது வரி. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. மூன்று மெஷினுக்கும் அதே வரிகளை மூன்று தடவை காப்பி அடித்து ஒட்டியிருந்தார். ஃபைலைத் திறந்தவர் மூடவே இல்லை. வேரியபிள்களுக்கு ஏ, ஏஏ, ஏஏஏ என்று பெயர். ஒன்றுக்கு அவருடைய மகள் பெயரே வைத்திருந்தார்.

ஆனால் வேலை செய்தது. ஒவ்வொரு வரியையும் கமாவில் வெட்டி, சீரியல் நம்பரைச் சாவியாக வைத்து, சாவிக்கு ஓர் அறையாகப் பிரித்து வைக்கும் பைத்தான் டிக்‌ஷனரியில் போட்டார். அந்தச் சாவிக்கு நேரே ஒரு லிஸ்ட். அந்த போர்டுக்கு எத்தனை ரிசல்ட் வந்ததோ அத்தனையும் அந்த லிஸ்டில் வரிசையாக உட்காரும். கடைசியில், ஒரு தடவையாவது ஃபெயில் ஆன போர்டுகளின் நம்பர்களை ஒரு தாளில் பிரிண்ட் எடுப்பார். தினமும் காலையில் முப்பது, நாற்பது நம்பர் வரும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய், பாஸ் ஆனதாகச் சொல்லி டிரேயில் அடுக்கியிருக்கும் போர்டுகளில் அந்த நம்பர்களைத் தேடி எடுத்து, சோல்டரிங்குக்குத் திருப்பி அனுப்புவார். இதைச் செய்யச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த லிஸ்டில் சேர்க்கும் இடத்துக்கு மேலே, படிப்பவருக்கான குறிப்பாக ஒரு கமெண்ட் இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்: "ஒரே சீரியல் திரும்ப வந்தா பழச அழிக்காதே. காக் மினா மூணு வாட்டி அமுக்குவாங்க." காக் மினா டெஸ்டரில் போர்டு வைக்கும் அம்மா.

3. நான் அதை அழகாக்கினேன்

ஆடிட் வருகிறது, இந்த ஸ்கிரிப்டை சர்வரில் போட வேண்டும், கொஞ்சம் சுத்தம் செய்துகொடுங்கள் என்று ஜெகன் என்னிடம் தந்தார். ஒரு மதியத்தில் முடித்துவிட்டேன். மூன்று காப்பியை ஒரே ஃபங்ஷனாக்கினேன். ஃபைலை ஒழுங்காகத் திறந்து மூடினேன். பெயர்களை மாற்றினேன். இதெல்லாம் சரியான வேலைதான், இன்றைக்கும் அதற்கு நான் வெட்கப்படவில்லை.

அதோடு நின்றிருக்கலாம். லிஸ்ட் எதற்கு, ஒரு போர்டுக்கு ஒரு ரிசல்ட்தானே என்று நினைத்தேன். லிஸ்டை எடுத்துவிட்டு, சீரியலுக்கு நேரே ரிசல்டை நேராகப் போட்டேன். எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிட்டது. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நானே அதை இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பைத்தான் டிக்‌ஷனரியில் ஒரு சாவிக்கு ஓர் இடம்தான். அதே சாவியில் மறுபடி ஒன்றைப் போட்டால் பழையது போய்விடும். எர்ரர் வராது, எச்சரிக்கையும் வராது. முதல் தடவை ஃபெயில், இரண்டாம் தடவை ஃபெயில், மூன்றாம் தடவை பாஸ் என்றால், டிக்‌ஷனரியில் மிஞ்சுவது பாஸ் மட்டும்.

இதை முதல் வாரமே கற்றுத் தருவார்கள். முப்பது வருஷ சர்வீஸ்காரிக்கு இது தெரியாதா? தெரியும். ஒரே சீரியல் மூன்று தடவை வரும் என்பதுதான் தெரியாது. அதைத்தான் மாரி கமெண்டில் எழுதி வைத்திருந்தார். படித்தேன், மறுபடியும் சிரித்தேன். கமெண்ட் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி என்று அந்த வரியை அழித்தேன். மரியாதைக்காக, எழுதியவர் மாரியப்பன் என்று இருந்த மேல் வரியை மட்டும் அப்படியே விட்டேன்.

சோதித்துப் பார்க்கவும் செய்தேன். ஒரு நாள் ஃபைலின் முதல் இருபது வரியை எடுத்து, பழைய ஸ்கிரிப்டிலும் புதிய ஸ்கிரிப்டிலும் ஓட்டினேன். இரண்டும் ஒன்றாக வந்தது. அந்த இருபது வரியில் ஒரு சீரியல்கூடத் திரும்ப வரவில்லை. அதற்கு மேல் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. அடுத்த நாள் காலை பதினொரு மணி இரண்டு நிமிஷத்துக்கு ரிவியூவுக்கு அனுப்பினேன். பதினொன்று மூன்றுக்கு ஜெகன் அப்ரூவ் அழுத்தினார். "சூப்பர் லா இந்திராணி. நூத்தி நாப்பது லைன் இருபத்திரெண்டு ஆயிடுச்சு. இதான் சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்" என்று மெசேஜ் வந்தது.

மறுநாள் காலை தாளில் இரண்டே நம்பர். அடுத்த நாள் மூன்று. ஜெகன் அதை ஸ்லைடில் போட்டு, லைனின் தரம் உயர்ந்துவிட்டது என்று மேலிடத்துக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். நானும் அந்த அறையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

இரண்டே நம்பர் வந்த அன்றைக்கே மாரி என்னிடம் வந்திருந்தார். "க்கா, லிஸ்ட் ரொம்ப சின்னதா வருது. அப்படி வராதே."

"உங்க கோட்ல ஒரே போர்ட பல தடவ எண்ணியிருக்கு மாரி. அதான் பெருசா வந்துச்சு. இப்ப சரியா வருது."

"அப்படியா க்கா" என்றார். பிறகு கீழே போய்விட்டார். லைனுக்கு வந்து பாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அன்றைக்கு நான் போயிருப்பேன் என்று சொல்ல முடியாது.

4. காக் மினாவின் கட்டைவிரல்

ஐந்து வாரம் கழித்து, எங்கள் போர்டை வாங்கி அலாரம் செய்யும் கஸ்டமரிடமிருந்து அலாரங்கள் திரும்பி வந்தன. அவர்களே கடைக்கு அனுப்புமுன் சோதித்ததில் பஸ்ஸர் கத்தவில்லை. நல்ல வேளை, எந்த வீட்டுச் சமையலறைக்கும் அவை போய்ச் சேரவில்லை. விசாரணை ஆரம்பித்தது. ஸ்கிரிப்ட் யார் எழுதியது என்று மேலே இருந்து கேட்டார்கள். ஃபைலின் முதல் வரியிலேயே பெயர் இருந்தது.

அப்படித்தான் அந்தக் கடிதம் மாரிக்குப் போனது. அதை நான் கேண்டீனில் படித்த அன்று மத்தியானம், அவரிடம் பழைய கோட் இருக்கிறதா என்று கேட்டேன். சாவிக்கொத்தில் மாட்டியிருந்த தம்ப் டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு முழு நாளின் ஃபைலை இரண்டிலும் ஓட்டினேன். அவருடையதில் முப்பத்தொன்று. என்னுடையதில் இரண்டு.

தலையில் அடித்துக்கொண்டு கீழே லைனுக்குப் போனேன். இரண்டாவது டெஸ்டரில் காக் மினா இருந்தார். மலாய்க்கார அம்மா, எங்கள் எல்லாரையும்விட சீனியர், சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'காக்', அதாவது அக்கா. பக்கத்தில் நின்று பார்த்தேன். போர்டை வைத்தார், சிவப்பு விளக்கு. எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார், சிவப்பு. மூன்றாம் தடவை வைத்து, பஸ்ஸர் இருக்கும் மூலையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தார். பச்சை. போர்டு பாஸ் டிரேக்குப் போனது.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "தெக்கான் சிகிட், போலே லா" என்றார். கொஞ்சம் அமுக்கினால் போதும், ஆகிவிடும் என்று அர்த்தம்.

அவர் மேல் தப்பே இல்லை. மூன்று தடவை வரை திரும்பப் போடலாம் என்று மெஷின் பக்கத்திலேயே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டவர் எங்கள் பிரிவுக்காரர். போர்டைத் தொட்டுப் பார்க்கும் மெஷினின் ஊசியில் அழுக்கு இருந்தால் நல்ல போர்டும் ஃபெயில் காட்டும், அதற்காகப் போட்ட விதி. ஆனால் பஸ்ஸரின் காலில் சோல்டரிங் விட்டிருந்தாலும், விரலால் அமுக்கும்வரை போர்டு பாஸ் ஆகும். விரலை எடுத்தால் கதை முடிந்தது. அழுக்கு எது, விரிசல் எது என்று மெஷினுக்குத் தெரியாது. அதனால்தான் மாரி ஒரு தடவை ஃபெயில் ஆனதைக்கூட விடாமல் பிடித்து, தினமும் சோல்டரிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பழுதை வெளியே போகாமல் நிறுத்தி வைத்திருந்த ஒரே ஆள் அவர். அவருக்குத்தான் வேலை நீக்கக் கடிதம்.

முதலில் என் மேலேயே கோபம் வந்தது. பிறகு நேராக ஜெகன் அறைக்குப் போனேன்.

5. "எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு"

நடந்ததைச் சொன்னேன். இரண்டு பிரிண்டையும் மேஜையில் வைத்தேன். ஜெகன் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இந்திராணி, உங்களுக்கு ரிட்டையர்மெண்ட் இன்னும் நாலு மாசம்தான். எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு? கஸ்டமர் ஒரு பதில் கேக்கறான். பிகினர் எழுதின ஸ்கிரிப்ட், எடுத்துட்டோம்னு சொன்னா முடிஞ்சிரும்."

"மாரிக்கு வேலை போயிடும்."

"போகாது. வார்னிங்தான் குடுப்பாங்க. நான் பேசிக்கிறேன்."

"டெக்னீஷியன் போஸ்ட்?"

"அது இப்ப எப்படி குடுக்க முடியும்? ப்ராக்டிகலா யோசிங்க."

"அவர் தலையில மிளகாய் அரைச்சுட்டு என்னை ப்ராக்டிகலா இருக்கச் சொல்றீங்களா? அவர் கோட் சரி. நான்தான் கெடுத்தேன். நீங்க படிக்காம அப்ரூவ் பண்ணீங்க. ஒரு நிமிஷம்தான் எடுத்தீங்க, டைம் அதுலயே இருக்கு."

"உங்க கோட நம்பினதுதான் என் தப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சுருக்கென்றுதான் இருந்தது. அவர் என்னை நம்பியது போலவே மாரியும் என்னை நம்பினார், மன்னிப்புக் கடிதம் எழுதும் அளவுக்கு நம்பினார். பட்டப்படிப்பு படித்த இரண்டு பேர் ஒருவர் வேலையை ஒருவர் படிக்காமலே நம்பினோம். லைனில் நின்று கண்ணால் பார்த்தவர் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

மாரியின் ஆறு வரியைக் கிழித்துவிட்டு, பதிலை நான் எழுதினேன். என் பெயரில், என் கையெழுத்தில். விசாரணைக் கூட்டத்துக்குக் காக் மினாவையும் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்த ஒரு போர்டை எல்லார் முன்னாலும் டெஸ்டரில் வைக்கச் சொன்னேன். சிவப்பு, சிவப்பு, கட்டைவிரல், பச்சை. பிறகு இரண்டு ஸ்கிரிப்டையும் அந்தச் சோதனையின் ஃபைலில் ஓட்டினேன். மாரியின் தாளில் அந்த போர்டின் நம்பர் வந்தது. என் தாள் வெறுமையாக இருந்தது. எச்.ஆர். அம்மாவுக்குப் பைத்தான் தெரியாது, அவருக்கே புரிந்தது.

மாரியின் கடிதத்தை வாபஸ் வாங்குகிறோம் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் வேண்டும் என்றேன். குற்றம் சாட்ட மட்டும் லெட்டர்ஹெட் இருக்கிறது, இல்லை என்று சொல்லத் தாள் இல்லையா? எச்.ஆர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத் தாள் வந்தது. அதில் வருந்துகிறோம் என்ற வார்த்தை கிடையாது. எனக்கு ஒரு வார்னிங் கொடுத்தார்கள், அது நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். ஜெகனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

தாளைக் கொண்டுபோய் மாரியிடம் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"க்கா, ஒரு ஹெல்ப். அந்த ஃபைல்ல மேல இருந்து என் பேர எடுத்துருங்க."

"ஏன் மாரி?"

"பேர் இருந்ததாலதானே க்கா கடிதம் வந்துச்சு. வீட்ல மக கேட்டா, அப்பா என்ன தப்பு பண்ணீங்கன்னு. எனக்கு பதில் தெரியல."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டெஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6. இப்போது அந்த ஃபைலில்

மறுநாள் மேல் மாடிக்கு அவரைக் கூப்பிட்டு, என் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஃபங்ஷன், பெயர்கள், ஃபைல் மூடுவது எல்லாம் என்னுடையது போலவே இருக்கட்டும் என்றார். லிஸ்டை மட்டும் அவரே மறுபடி எழுதினார். கமெண்டை ஆங்கிலத்தில் எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருந்த மாதிரியே போடுங்கள் என்றேன்.

அவர் கீழே போன பிறகு, முதல் வரியில் இருந்த அவருடைய பெயரை எடுக்காமல், அதன் கீழே நான் இரண்டு வரி சேர்த்தேன். மேலிருந்து படித்தால் இப்படி வரும்: எழுதியவர் மாரியப்பன். கெடுத்தவர் இந்திராணி. சரி செய்தவர் மாரியப்பன். பிரிண்ட் எடுத்து, மகளிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கி, வாபஸ் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார். பெயரை எடுக்கச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை.

ஜெகன் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "இது என்ன இந்திராணி, புரொஃபஷனலாவே இல்ல. எடுத்துடுங்க."

"நீங்களே எடுத்து ரிவியூவுக்கு அனுப்புங்க. நான் வரி வரியா படிச்சுட்டுத்தான் அப்ரூவ் பண்ணுவேன்."

அவர் அனுப்பவில்லை. இப்போதும் தினமும் காலையில் அந்த ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. மாரி இன்னும் லைன் லீடர்தான். டெக்னீஷியன் பதவியை வெளியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புதிதாக எழுதுகிறவரின் கோட் அசிங்கமாக இருக்கும், தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் உங்களுக்குப் புரியாத ஒரு வரி இருந்தால், அழிக்குமுன் அதை எழுதியவரிடம் போய்க் கேளுங்கள். எனக்கு லிஃப்டில் ஒரு மாடி இறங்கினால் போதும், மாரி அங்கேதான் இருந்தார். நான் இறங்கவில்லை.